பசி போன சமையல்காரி

காரைக்காலில் கத்தோலிக்க வீட்டுக் கல்யாணம் என்றால் முதலில் பங்குச்சாமியாரிடம் தேதி கேட்பார்கள், அடுத்ததாக ஜூலியட்டிடம். சாமியார் குறித்துக் கொடுத்த நாளில் ஜூலியட் வேறொரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தால், திரும்பவும் சாமியாரிடமே போய், "அடுத்த வாரத்துல ஏதாச்சும் நாள் பாருங்க சாமி" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்கள் உண்டு. அவள் பிரியாணிக்கும் அதோடு ஊற்றுகிற பருப்புத் தாளிச்சாவுக்கும் ஊரில் அப்படியொரு பேர்.

இத்தனைக்கும் அவள் சமையல் வேலைக்கு வந்ததே ஒரு விபத்துதான். இருபத்தாறு வயதில் அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அண்ணன் கல்யாணத்தன்று மாயவரத்திலிருந்து வரவேண்டிய சமையல் மாஸ்டர் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை. அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, ஆட்டுக்கறி வெட்டி வந்துவிட்டது, கோயிலில் பூசை தொடங்கிவிட்டது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜூலியட் அடுப்பு முன்னால் போய் நின்றாள். பத்துப் பேருக்கு மேல் அதுவரை அவள் சமைத்ததில்லை. எவ்வளவு போடவேண்டும் என்று தெரியாததால் எதைப் போட்டாலும் ஒரு வாய் தின்று பார்த்தாள். போட்டாள், தின்றாள், போட்டாள், தின்றாள். அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் இரண்டு குடும்பம் அந்தப் பந்தியிலேயே தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவளைப் பேசி முடித்தன. வக்கீல் ஆபீசுக்கு அதன்பிறகு அவள் போனது வக்கீல் மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சமைக்கத்தான்.

அன்று பிடித்த முறையை அவள் விடவே இல்லை. டேக்சா நிறைய வேகிற குழம்பில் துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிற சமையல்காரர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "துளியில உப்புத்தான் தெரியும். கொழம்பு தெரியாது" என்பாள். அவளுக்கு ஒரு தட்டு வேண்டும். தட்டில் ஒரு கரண்டிச் சோறு, ஒரு துண்டுக் கறி, பிசைந்து வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று விழுங்கி, அதன்பிறகுதான் பட்டை கூடவா குறையவா என்று சொல்வாள். விருந்தாளிக்குப் பசி எப்படியோ அப்படியே தனக்கும் பசி இருக்கவேண்டும், அப்போதுதான் ருசி சரியாகப் பிடிபடும் என்பது அவள் கட்சி. அவளுக்குப் பசி இல்லாத நேரமும் கிடையாது. இப்படி இருபது வருஷம் ருசி பார்த்ததில் எடை மெஷின் தொண்ணூற்றேழு காட்டியது.

அதைப்பற்றி அவள் கவலைப்பட்டவள் அல்ல. "சமையல்காரி ஒல்லியா இருந்தா எவ வந்து ஆர்டர் குடுப்பா?" என்று கேட்டுச் சிரிப்பாள். புருஷன் யேசுராஜும் கவலைப்பட்டவர் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பேச்சுக் குறைவு. நிலக்கரிக் கப்பலிலிருந்து மலைமலையாக அள்ளிக் கொட்டிவிட்டு வருகிறவருக்கு மனைவியின் எடை ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

கவலையை ஆரம்பித்து வைத்தது வலது முழங்கால். கோட்டுச்சேரியில் ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து. வெங்காயம் உரிக்கிற பெண்களோடு தானும் பேசிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கப் பார்த்தபோது கால் வரமாட்டேன் என்றது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். முக்காலியும் சேர்ந்து எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், ஜூலியட்டுந்தான். ஆனால் பாயசத்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கையில் அவளுக்குத் தனியாகக் கண் கலங்கியது. இன்னும் பத்து வருஷமாவது அடுப்பு முன்னால் நிற்கவேண்டும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

டாக்டர் ஹரிஹரன் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இளவயசுக்காரர், நிதானமாகப் பேசுவார்.

"முட்டித் தேய்மானம் ஆரம்பிச்சிருக்கும்மா. சர்க்கரையும் வாசப்படியில வந்து நிக்குது. எடையைக் குறைச்சாத்தான் ரெண்டுக்கும் நல்லது. சாயங்காலம் பீச் ரோட்டுல நடங்க."

ஜூலியட் நடந்தாள். காரைக்கால் கடற்கரையில் நல்ல காற்று. காற்று வந்தால் பசி வந்தது. பசி வந்த இடத்தில் மிளகாய் பஜ்ஜிக் கடை இருந்தது. ஒரு வாரம் நடந்து அரைக்கிலோ கூடினாள்.

இந்தச் சமயத்தில்தான் தாமரைச்செல்வி வந்தாள். செல்விக்குக் குரும்பகரத்தில் நிலபுலம் உள்ள குடும்பம், டவுனில் அரசாங்க ஆபீஸ் வேலை. ஜூலியட்டுக்கு ஆறேழு வயது இளையவள். இரண்டு பேரும் ஒரே தெருவில் குடிவந்து, ஒரே தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுச் சிநேகிதமானவர்கள். செல்வி அப்போது பக்க வேலையாக ஏதோ ஒரு கம்பெனியின் ஜெல்லை வாட்ஸ்அப்பில் விற்றுக்கொண்டிருந்தாள். சிவப்பாக, மிளகும் யூகலிப்டஸும் கலந்த மாதிரி ஒரு வாடை.

"வயித்துல தடவிட்டு மேல பிளாஸ்டிக் தாளச் சுத்திக்கணும்க்கா. கொழுப்பு உருகி வேர்வையா வந்துடுமாம். வீடியோ அனுப்பியிருக்காங்க, பாக்குறீங்களா?"

"நீ போட்டுப் பாத்தியா?"

"எனக்கெதுக்கு, நான் ஒல்லிதானே."

பிளாஸ்டிக் தாளுக்கு ஜூலியட் வீட்டில் பஞ்சமில்லை. பார்சல் கட்டுகிற தாளை எடுத்து, ஜெல்லைத் தாராளமாகத் தடவி, நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது. மறுநாள் ஆர்டருக்கு வெங்காயம் வதக்க அடுப்படிக்குப் போனாள். முதலில் இதமாக இருந்தது. பிறகு கதகதப்பு. பிறகு, எண்ணெயில் வெங்காயம் பொன்னிறமாகிற நேரத்தில், தன் வயிறும் அதே பதத்துக்கு வந்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாளைக் கிழித்தாள். தண்ணீர் ஊற்றினாள், எரிச்சல் இன்னும் பரவியது. கடைசியில் பச்சடிக்கு உறையூற்றியிருந்த தயிர்தான் கைகொடுத்தது.

டியூட்டி முடிந்து வந்த யேசுராஜ், மின்விசிறிக்குக் கீழே வயிற்றில் தயிரோடு மல்லாந்து கிடந்த மனைவியைப் பார்த்தார்.

"வெங்காயம் போடலியா?" என்றார்.

மறுநாள் காலையில் செல்வி இஞ்சுடேப்போடு வந்து அளந்தாள். சொல்லிவைத்த மாதிரி இடுப்பில் ஓர் இஞ்சு குறைந்திருந்தது. செல்விக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்து குரூப்பில் போடலாமா என்று கேட்டாள். சாயங்காலம் அளந்தால் அந்த இஞ்சு திரும்பி வந்திருந்தது.

"வேர்வையில போன தண்ணிதாண்டி அது. ரெண்டு சொம்பு குடிச்சேன், இருந்த எடத்துக்கே வந்து உக்காந்துடுச்சு" என்றாள் ஜூலியட். தோலிலிருந்த சிவப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். ஜூலியட் இரண்டு தரமும் தலையாட்டினாள். மருந்துக்கடை அப்துல் லத்தீப், அவள் கைச் சமையலுக்குப் பழகிய விருந்தாளி. சீட்டைப் பார்த்ததும் அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"டாக்டர் வெவரம் சொன்னாரா? இது ஒடம்புல இருக்கிற கொழுப்பக் கரைக்காதும்மா. நீங்க திங்கிற எண்ணெயில ஒரு பங்கைச் சேரவிடாம அப்படியே கீழ எறக்கிவுட்டுடும். எண்ணெய்ப் பதார்த்தம் தின்னா ரொம்பச் சங்கடப்படுத்திடும். வெளிய போற அன்னிக்குப் பாத்துக்குங்க."

"சாப்பாட்டக் கொறைச்சுட்டேன் பாய். ராத்திரிக்கு ரெண்டே இட்லிதான்."

அது உண்மைதான். ஆனால் ருசி பார்ப்பது சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞானஸ்நான விருந்து. காலையில் ஆட்டுக்கறிக் குழம்பு பதம் பார்த்தாள், நெய்ச்சோறு பதம் பார்த்தாள், பிரட் அல்வா இரண்டு தரம் பார்த்தாள். குளித்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் விழுகிற நேரத்தில் அவள் வயிறு ஒரு சேதி சொன்னது. அந்தச் சேதியில் தாமதத்துக்கு இடமே இல்லை. முழங்கால் வலி என்ற ஒன்று இருப்பதையே மறந்து, பக்கவாசல் வழியாக, யாராவது கும்பிட்டாலும் பதிலுக்குக் கும்பிடாமல், சாமியார் வீட்டுக் கழிப்பறை வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். முழுதாகப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லமுடியாது. யேசுராஜ் வீட்டிலிருந்து வேறு புடவை கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டினார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் அவளுக்குப் பிடித்த குணமே அதுதான்.

"எண்ணெயைக் குறைச்சீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர் ஹரிஹரன்.

"நான் சாப்பிடவே இல்ல டாக்டர். டேஸ்ட்தான் பாத்தேன்."

"எவ்வளவு பாத்தீங்க?"

ஜூலியட் இரண்டு கையாலும் அளவு காட்டினாள். டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு, வீட்டில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்ததுண்டா, கணைய வீக்கம் என்று எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா என்றெல்லாம் விசாரித்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் பார்த்த பிறகு ஊசியைப்பற்றிச் சொன்னார். வாரத்துக்கு ஒன்று. பேனா மாதிரி இருக்கும், நாமே போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டால் குடலிலிருந்து ஒரு சுரப்பு கிளம்பி, போதும் என்று மூளைக்குச் சொல்லும். இந்த மருந்து அந்தச் சுரப்பைப் போல நடிக்கிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்த மாதிரி இருக்கும், பசி அடங்கிவிடும்.

"வாந்தி வர்ற மாதிரி இருக்கும், மலச்சிக்கல் வரலாம். குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவோம். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, நிறுத்தினா பசி திரும்பி வரும், எடையும் பின்னாலேயே வரும். அதனால இது பத்து நாள் வைத்தியம் இல்ல."

"எரியுமா டாக்டர்?"

"என்ன?"

"வயித்துல தடவறதில்லையே?"

"குத்தறதும்மா."

குத்துகிற பொறுப்பை யேசுராஜிடம் கொடுத்தாள். ஐம்பது அடி உயரத்தில் உட்கார்ந்து கப்பலுக்குள் இரும்பு வாளியை இறக்குகிறவர், மயிரிழை போன்ற அந்த ஊசியை இரண்டு விரலால் எட்டப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பேனாவை நீட்டினார்.

"கண்ணத் தொறந்துட்டுக் குத்துங்க. மெத்தையில குத்திடாதீங்க."

"பாவமா இருக்கு ஜூலி."

கடைசியில் அவளே குத்திக்கொண்டாள். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டாள். பேனா ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது. காலையில் எழுந்தால் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்து என்ன இருக்கு, என்ன இருக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அந்த ஆளைக் காணவில்லை. வீடு அமைதியானது போல இருந்தது. இரண்டு இட்லி எடுத்து வைத்தால் ஒன்றரையில் போதும் என்றிருந்தது. பஜ்ஜிக் கடையைக் கடந்து போய்விட்டுத்தான் பஜ்ஜிக் கடையைக் கடந்துவிட்டோம் என்று உணர்ந்தாள். எடை இறங்கத் தொடங்கியது. முக்காலியில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். ரவிக்கைகளைத் தையற்காரரிடம் பிடிக்கக் கொடுத்தாள். கோயிலில் தெரிந்த பெண்கள் நிறுத்திக் கேட்டபோது, "ஆண்டவர் கிருபை" என்றாள். ஊசியைப்பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் கிளம்பி மருந்துக்கடைக்குப் போய் நின்றுவிடுவார்கள் என்பது ஒரு காரணம்.

டாக்டர் அளவை ஒரு படி ஏற்றினார். அங்கேதான் சங்கடம் தொடங்கியது.

ஒருநாள் காலை ஆட்டுக் கொழுப்பு சட்டியில் உருகி மணம் கிளம்பியபோது ஜூலியட்டுக்குக் குமட்டியது. இருபது வருஷமாக எந்த மணத்துக்காக விடியற்காலையில் எழுந்தாளோ அந்த மணம். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். உள்ளே போய்த் தட்டில் வழக்கம்போலச் சோறும் கறியும் எடுத்தாள். வாயருகே கொண்டுபோனாள். தொண்டை வேண்டாம் என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, எறக்குங்க" என்றாள். யார் கண்ணையும் பார்க்காமல் சொன்னாள்.

கிளிஞ்சல்மேட்டில் முத்தையன் என்பவர் வீட்டு நிச்சயதார்த்தம். விசைப்படகு வைத்திருப்பவர். பெரிய கொடுவா மீன்களை அவரே பிடித்துவந்து கொடுத்திருந்தார். மீன் குழம்புதான் அன்றைக்கு முக்கியம். துளியில் பார்த்துக் குழம்பை இறக்கினாள். பந்தி நடந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் இன்னொரு கரண்டி கேட்கவும் இல்லை. ஜூலியட்டின் பந்திகளில் அப்படி நடந்ததே இல்லை. பாத்திரம் ஏற்றும்போது முத்தையன் வண்டியருகே வந்தார்.

"கொறை சொல்றதா நெனைக்காதீங்க ஜூலியட்டம்மா. பண்ணவேண்டியதெல்லாம் பண்ணியிருக்கீங்க. ஆனா கொழம்புல நீங்க இல்ல."

"புளி கூடிடிச்சா?"

"புளி கூடுனா புளி கூடுனுச்சின்னு சொல்லிட்டுப் போறேன். ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். அதனால்தான் அதிகமாக வலித்தது. வீட்டுக்கு வந்து மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. இது நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகத் தெரிந்த ஒன்று தெரியாமல் போய்விட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வேணாங்க இது. என் தொழிலே பசிதான். அதை வித்துட்டு முழங்கால வாங்கியிருக்கேன்."

யேசுராஜ் பேனாவை எடுத்துத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தார். "நான் வேணா டேஸ்ட் பாக்கட்டுமா?" என்றார்.

மறுநாள் சோதனை வைத்தாள். மூன்று கிண்ணத்தில் தாளிச்சா. ஒன்று சரியானது, ஒன்றில் உப்பே போடவில்லை, ஒன்றில் மிளகாய்த்தூள் இரண்டு பங்கு. யேசுராஜ் முதல் கிண்ணத்தைக் குடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டாவதுக்கும் அதையே சொன்னார். மூன்றாவதைக் குடித்து, கண்ணில் தண்ணீர் வழிய, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இந்த மனிதர் தன் சமையலைப் பாராட்டி வந்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று ஜூலியட் நினைத்துப் பார்த்தாள். ஆத்திரப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தாள்.

அந்த நேரத்தில் செல்வி உள்ளே வந்தாள். யாரும் கேட்காமலே மூன்று கிண்ணத்திலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுல உப்பு இல்ல. இதுல மொளகாய். இது சரிதான், ஆனா நீங்க எப்பவும் போடற மாதிரி இல்லையேக்கா. பருப்பு இன்னுங் கொஞ்சம் மசிஞ்சிருக்கணும். பூண்டு பச்சை வாடை போகல. வேற யாரும் வச்சதா?"

ஜூலியட் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குமட்டலை, துளியை, முத்தையன் சொன்னதை.

"ஊசியை நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட இதையே சொல்லுங்க. நான் வர்றேன் கூட" என்றாள் செல்வி. கொஞ்சம் தயங்கி, "சமைக்கிற எடத்துக்கும் வர்றேன். அந்த ஜெல்லு வியாபாரத்த விட்டுட்டேன். மிச்ச டப்பாவையெல்லாம் எங்க மாமியார் மூட்டு வலிக்குத் தேச்சே தீத்துட்டாங்க. அதுக்கு நல்லாக் கேக்குதாம்" என்றாள்.

டாக்டரிடம் ஜூலியட் நேராகவே சொன்னாள். "பசி பூராவும் போயிட்டா நான் சமைக்க முடியாது டாக்டர். கொஞ்சம் மிச்சம் வச்சுக் குடுங்க."

இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போல. அவர் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "முன்னாடி இருந்த அளவுக்கே இறக்கிடுவோம். எடை மெதுவாத்தான் குறையும். பரவாயில்லையா?"

"எனக்கென்ன அவசரம். கல்யாணப் பொண்ணா நான்?"

முட்டை, மீன், பருப்பு இவற்றை முதலில் சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் சதையும் சேர்ந்து கரையும் என்றார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கியாவது கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். "டேக்சா தூக்கறேனே" என்றாள் ஜூலியட். "அப்ப சரி" என்றார் டாக்டர்.

அளவு இறங்கியபின் குமட்டல் விட்டது. பசி பழையபடி கத்திக்கொண்டு வரவில்லை. மதியத்துக்கு முன்னால் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஜூலியட் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டாள். ருசி பார்க்க வேண்டியதை அப்போது பார்த்தாள், ஒரே கவளம், கண்ணை மூடி. மற்ற நேரத்துக்குச் செல்வி இருந்தாள். விசேஷ நாட்களில் ஆபீசுக்கு லீவு சொல்லியாவது காலையிலேயே வந்துவிடுவாள். டேக்சாவிலிருந்து ஒரு தட்டு எடுத்து, சோறும் கறியுமாகப் பிசைந்து முழு வாயாகத் தின்றுவிட்டுத்தான் சொல்வாள். வயல் வேலைக்காரர் பசியோடு சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவள். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவும் ஒட்டாது. "உனக்கெல்லாம் கடவுள் தனியா ஒரு அடுப்பு வச்சிருக்கான்" என்பாள் ஜூலியட். இரண்டு பேருக்கும் கொத்தமல்லியில் மட்டும் ஒத்துவராது. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

டிசம்பரில் பிரான்சிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காரைக்காலில் சொந்த வீடு உள்ளவர்கள், பிள்ளைக்கு இங்கேயே கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை பிலோமின், அறுபதை நெருங்குகிறவர், ருசி பார்த்துச் சாப்பாட்டை முடிவு பண்ண ஜூலியட் வீட்டுக்கு வந்தார். ஜூலியட் பிரியாணி, தாளிச்சா, கோழி வறுவல், பிரட் அல்வா எல்லாம் எடுத்து வைத்தாள். அந்த அம்மாள் இரண்டு வாய் சாப்பிட்டார். "ரொம்ப நல்லா இருக்கு, மெர்சி" என்று பிரெஞ்சில் ஒரு நன்றியும் சொல்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஜூலியட்டுக்கு முகம் விழுந்துவிட்டது. கிளிஞ்சல்மேட்டுப் பந்தி நினைவுக்கு வந்தது. செல்வி அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையாட்டினாள். அப்போதுதான் ஜூலியட் கவனித்தாள். அந்த அம்மாள் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டார். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தார். சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியிருந்த விதமும் தெரிந்த விதமாகவே இருந்தது.

"மதாம், தப்பா நெனைக்காதீங்க. வாராவாரம் ஊசி போடறீங்களா?"

பிலோமின் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நானுந்தான்."

அதன்பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. எந்தக் கிழமை, எவ்வளவு அளவு, முடி கொட்டியதா, முகம் வற்றியதா என்று இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து பழகியவர்கள் போலப் பேசினார்கள். குடும்பத்தில் இன்னும் மூன்று பேர் போடுகிறார்களாம், ஒருவருக்கொருவர் தெரியாமல். எல்லா ஊசியும் பாரிஸில் பிலோமின் வீட்டு ஃப்ரிட்ஜ் வழியாகத்தான் போகிறதாம்.

"கல்யாணத்துல தட்டத் தொடாம வச்சா சம்பந்தி வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்களேன்னுதான் எனக்குப் பயம்" என்றார் பிலோமின்.

ஜூலியட் இரண்டு நாள் அதையே யோசித்தாள். வயிறு முட்டச் சாப்பிடுகிறவர்களுக்குச் சமைத்தே அவளுக்குப் பழக்கம். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் கவளம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பத்தாவது கவளத்தில் சரிக்கட்டிவிடலாம். இரண்டே கவளம் சாப்பிடுகிறவருக்கு அந்த இரண்டும் உயிரோடு இருந்தாகவேண்டும். தானே இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறோம் என்பதால் அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. மொத்தமாக டேக்சாவிலிருந்து அள்ளிப்போடாமல் ஒரு பகுதிக்குச் சின்னச் சின்ன மண்சட்டிகளில் தனித்தனியாகத் தம் போட்டாள். ஒரு சட்டியில் நல்ல நெஞ்செலும்புத் துண்டு ஒன்று, கைப்பிடிச் சோறு, மேலே வறுத்த வெங்காயம். சட்டியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கவேண்டும். அதைத் தனி மேசையில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். பெரிய பந்தி வழக்கம்போலவே நடந்தது.

கல்யாணத்தன்று ஜூலியட் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமின் ஒரு சட்டியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்து, நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். ஊசிக்காரர்கள் மட்டுமில்லாமல் ஊரில் உள்ள சர்க்கரைக்காரர்கள், வயசானவர்கள், சோற்றைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள் எல்லோரும் அந்த மேசைக்கே வந்தார்கள். லத்தீப் பாய் பெரிய பந்தியில் சாப்பிட்டுவிட்டு இதிலும் ஒன்று எடுத்துக்கொண்டார். பந்தியில் இன்னொரு கரண்டி கேட்டார்கள். கேட்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. செல்வி காலியான சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொத்தமல்லி இன்னுங் கொஞ்சம் இருந்திருக்கலாம்க்கா" என்றாள்.

இப்போது ஜூலியட்டின் எடை எண்பத்துநாலில் நிற்கிறது. ஒல்லியாகிவிட்டாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாடிப்படி ஏறுகிறாள், சர்க்கரை வாசலைவிட்டுத் தெருமுனைக்குப் போயிருக்கிறது. சில காலைகளில், குறிப்பாக மழை பெய்யும்போது, பழைய பசியை நினைத்துக்கொள்வாள். சுடச்சுட ஒரு தட்டு நெய்ச்சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு உலகத்தை மறந்து உட்கார்ந்திருப்பாளே, அது ஒரு சுகந்தான். அது போனதில் வருத்தம் இல்லை என்று அவள் சொல்லமாட்டாள். கேட்பவர்களிடம் ஊசியைப்பற்றி இப்போது மறைப்பதும் இல்லை. "டாக்டரக் கேக்காம தொடாதீங்க. வயித்துல எதையும் தடவாதீங்க" என்று மட்டும் சொல்லிவிடுவாள்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது வழக்கம்போல யேசுராஜ்தான் வண்டியில் கூட்டிப் போனார். ஜூலியட் பாதியில் வைக்கிற தட்டையெல்லாம் வீணாக்கக்கூடாது என்று இந்த ஒரு வருஷமாக முடித்துவைத்துக்கொண்டிருப்பவர் அவர். டாக்டர் ஹரிஹரன் ஜூலியட்டின் முடிவுகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அவருடைய பார்வை, நாற்காலியில் சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டிருக்க உட்கார்ந்திருந்த யேசுராஜ் மேல் போயிற்று.

"சார், நீங்களும் ஒருதரம் ஏறிப் பாருங்களேன்."

யேசுராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின்மேல் ஏறினார். கீழே பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்.

ஜூலியட் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எறங்குங்க" என்றாள்.